கலமாய் ஏன் இப்படி ஒட்டுகிறது? போஹோல் தீவு இனிப்பின் தண்ணீர்க் கணக்கு

பிலிப்பைன்ஸ் போய்வந்தவர்கள் கொண்டுவரும் பண்டங்களில் ஒன்று தனியாகக் கண்ணில் படும். இரண்டு கொட்டாங்குச்சிகளை ஒன்றோடொன்று கவிழ்த்து மூடி, இணைப்பு தெரியாமல் சிவப்புக் காகிதப் பட்டை சுற்றியிருப்பார்கள். பட்டையைக் கிழித்துத் திறந்தால் உள்ளே கரும்பழுப்பில் பளபளவென்று ஓர் இனிப்பு. ஸ்பூனை விட்டு எடுத்தால் ஸ்பூனோடு ஒரு சாண் நீளத்துக்கு இழுபடும். பெயர் கலமாய்.

இதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். கோந்து கலக்கிறார்கள் என்பார் ஒருவர். ஜெலட்டின் என்பார் இன்னொருவர். ஒட்டரிசியில் குளூட்டன் நிறைய இருப்பதால்தான் இந்தப் பிசுபிசுப்பு என்று மூன்றாவது ஆள் அடித்துச் சொல்வார். பிரிட்ஜில் வைக்காமலே நாள்கணக்கில் கெடாமல் இருப்பதால் ஏதோ ரசாயனம் போட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் உண்டு.

நான்குமே தவறு. ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை ஆகிய மூன்றும்தான் அடிப்படைச் சாமான்கள். வாசனைக்கு வெனிலாவோ, ருசிக்கு வேர்க்கடலை வெண்ணெயோ சிலர் சேர்ப்பதுண்டு. ஒட்டுவதற்கும் கெடாமல் இருப்பதற்கும் அவை காரணமல்ல. இந்த மூன்று பொருளுக்கும் இடையில் தண்ணீர் எங்கே போகிறது, யார் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கலமாயில் புதிராக எதுவும் மிச்சமிருக்காது.

## எங்கே செய்கிறார்கள்

கலமாய் என்ற பெயரில் பிலிப்பைன்ஸ் முழுக்கப் பல இனிப்புகள் இருக்கின்றன. சில ஊர்களில் தட்டில் ஊற்றித் துண்டு போடுவார்கள், சில ஊர்களில் வாழையிலையில் வைத்து விற்பார்கள். கொட்டாங்குச்சியில் அடைத்துச் சிவப்புப் பட்டை ஒட்டுவது போஹோல் தீவின் அடையாளம். அதிலும் ஹாக்னா என்ற கடலோர ஊர்தான் இதற்குப் பேர்போனது. தீவின் தலைநகரான தக்பிலாரானிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் வந்துவிடும். ஊரில் ஒரு துறைமுகம் இருப்பதால் பக்கத்துத் தீவுகளுக்குப் படகேறுகிறவர்களும் ஒன்றிரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். பயணம் போனால் வீட்டாருக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கி வருவது அங்கே எழுதாத சட்டம். அப்படி வாங்கி வருவதைப் பசலுபோங் என்கிறார்கள். போஹோலிலிருந்து போகும் பசலுபோங்கில் கலமாய்க்குத் தனி இடம் உண்டு.

தயாரிப்பாளரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரிய தொழிற்சாலையை எதிர்பார்க்கக் கூடாது. இது பெரும்பாலும் குடும்பத் தொழில். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, விறகு அடுப்பு, அதன்மேல் ‘காவா’ எனப்படும் அகலமான இரும்புச் சட்டி, நீளப் பிடி போட்ட மரத் துடுப்பு. ஓர் ஓரமாகச் சுரண்டி வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சிகள் குவிந்திருக்கும். கல்யாண வீட்டில் அல்வா கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

## ஒட்டரிசி என்றால் என்ன

முதலில் குளூட்டன் சந்தேகத்தை முடித்துவிடலாம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் புரதம். அரிசியில், ஒட்டரிசி உட்பட, அது கிடையாது. ஒட்டரிசியை ஒட்ட வைப்பது புரதம் அல்ல, மாவுச்சத்து.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சிறு சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட தொடர். அரிசியில் இந்தத் தொடர் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. கிளையில்லாமல் நீளமாக ஓடுவது அமைலோஸ். கிளைவிட்டு, கிளைக்கு மேல் கிளைவிட்டுப் பரந்து கிடப்பது அமைலோபெக்டின்.

சவுக்குக் கம்புக் கட்டையும் வெட்டிப்போட்ட கருவேல முள் குவியலையும் நினைத்துப் பாருங்கள். சவுக்குக் கம்புகள் நேராக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகப் படுத்துக்கொள்ளும், நடுவில் இடமே இருக்காது. கருவேல முள்ளை அப்படி அடுக்க முடியாது. ஒன்றை இழுத்தால் நாலைந்து கூடவே வரும், இடையிடையே நிறைய வெற்றிடம் இருக்கும். அமைலோஸ் முதல் வகை, அமைலோபெக்டின் இரண்டாம் வகை. அந்த வெற்றிடங்களில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சாதாரண அரிசியில் உள்ள மாவுச்சத்தில் அமைலோஸ் 10 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். உதிரி உதிரியாக வேகும் நம் ஊர் ரகங்கள் பலவற்றில் 20-க்கும் மேல். ஒட்டரிசியில் இது 2 சதவீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை, மற்றதெல்லாம் அமைலோபெக்டின். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அடிப்படை, அமைலோஸை உருவாக்கும் ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம். தென்கிழக்கு ஆசிய விவசாயிகளுக்கு அந்த ஒட்டும் ரகம் பிடித்துப்போக, விதை எடுத்து வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டார்கள். போஹோலில் இதற்குப் பெயர் பிலித், மணிலாப் பக்கம் மலக்கித். நம்மிடம் செட்டிநாட்டுக் கவுனி அரிசி ஒட்டும் இனத்தைச் சேர்ந்தது. கவுனி அரிசி இனிப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வருவதும் இதே காரணத்தால்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீர் விட்டு வெளிறக் கரைத்து, ஆறிய சாதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறும். அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் நுழைவதால் வரும் நிறம் அது. அதே சொட்டை வேகவைத்த ஒட்டரிசியில் விட்டால் கருநீலம் வராது, செம்பழுப்பாகவே நிற்கும். சோதித்த சோற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள், காக்கைக்குக்கூட வைக்க வேண்டாம்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கலமாயில் ஒட்டுவது அமைலோபெக்டின் என்ற கிளைவிட்ட மாவுச்சத்து. வெளியிலிருந்து பசை எதையும் சேர்க்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

## மாவு, பால், சர்க்கரை: தண்ணீருக்குப் போட்டி

ஊறவைத்து அரைத்த ஒட்டரிசி மாவை அப்படியே எவ்வளவு பிசைந்தாலும் இழுபடும் பசை வராது. மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் அதற்குள் அவ்வளவாகப் போகாது. சூடு ஏறி 60, 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, கடைசியில் உடைந்து, உள்ளேயிருந்த தொடர்களைச் சட்டி முழுக்க விடுகின்றன. இதற்குப் பெயர் கூழாதல். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது அதுவரை நீர்க்க இருந்தது சட்டென்று கெட்டியாகிறதே, அந்த நிமிடத்தில் நடப்பது இதுதான்.

கலமாயில் இது அத்தனை சுலபமாக நடப்பதில்லை, ஏனென்றால் சர்க்கரை குறுக்கே நிற்கிறது. சர்க்கரைக்குத் தண்ணீர் மேல் அப்படியொரு பிரியம். கரைந்த சர்க்கரை தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மாவு மணிகளுக்குக் கிடைப்பது குறைகிறது. அவை உப்ப இன்னும் அதிகச் சூடும் இன்னும் அதிக நேரமும் தேவைப்படும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் நீர்க்க இருக்கும்போதே மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும் என்று செய்கிறவர்கள் கவனமாக இருப்பது இதனால்தான். பாகு இறுகிய பிறகு மாவைப் போட்டால் நடுவில் வேகாத மாவு வெள்ளைப் பொட்டுப் பொட்டாக நிற்கும். எதை எப்போது போடுவது என்பது வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், ஆனால் மாவு வேகத் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுதான்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் மேலே மெல்லிய புரதப் போர்வை காவல் இருக்கிறது. இப்படிச் சேராத இரண்டும் சேர்ந்தாற்போல் நிற்பதைப் பால்மம் என்பார்கள். கொதிக்கக் கொதிக்கப் புரதம் திரிந்து, காவல் போய், எண்ணெய் பிரிகிறது. முதல் பால் ஊற்றியதும் குழம்பைக் கொதிக்கவிடாதே என்று நம் வீடுகளில் அதட்டுவது இது நடந்துவிடக் கூடாதே என்றுதான். கலமாய்க்கோ இது நடந்தே ஆக வேண்டும். பிரிந்த எண்ணெய்தான் பசையைச் சட்டியில் அடிப்பிடிக்காமல் வழுக்கவைக்கிறது, திறந்ததும் தெரியும் அந்தப் பளபளப்பையும் தருகிறது.

## மணிக்கணக்கில் கிண்டுவது எதற்கு

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிண்டக் கிண்ட ஒட்டும் தன்மை கூடுகிறது என்று நினைக்கிறார்கள். கிண்டுவதில் ஒட்டும் தன்மை பிறப்பதில்லை, அது அரிசியிலேயே இருக்கிறது. கிண்டுவதன் வேலை வேறு.

தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது யாரும் கிண்டுவதில்லை. அடியில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், மேலே இருப்பது கீழே இறங்கும். வெப்பம் சட்டி முழுக்கத் தானே பரவும். கூழான மாவில் இந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து கருகும், மேலே இருப்பது வெதுவெதுப்பாகவே இருக்கும். தானாக நடக்காத ஓட்டத்தைத் துடுப்பு கொடுக்கிறது. அடியைச் சுரண்டி மேலே கொண்டுவருவது, மேலே இருப்பதைச் சட்டியின் சூட்டுக்கு அனுப்புவது, ஒவ்வொரு புரட்டலிலும் புது மேற்பரப்பைக் காற்றுக்குத் திறந்து ஆவி வெளியேற வழிவிடுவது ஆகிய மூன்றையும் அது ஒரே வீச்சில் செய்கிறது.

சரி, தீயைக் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாமே? முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல் 7 மடங்குக்கும் அதிகமான வெப்பம், கொதிக்கும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்கத் தேவை. அத்தனையும் சட்டியின் அடி வழியாகத்தான் ஏற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தீயைத் தள்ளினால் அடியில் இருக்கும் சர்க்கரை கருகிக் கசப்பேறிவிடும். ஒரு சட்டிக் கருகினால் மூன்று சாமானும் போச்சு, விறகும் போச்சு, அன்றைய உழைப்பும் போச்சு. எனவே மிதமான தீ, நீண்ட நேரம், ஆள் மாற்றி ஆள்.

நேரம் போகப் போகக் கையில் தெரியும் மாற்றம் சுவாரஸ்யமானது. ஆரம்பத்தில் துடுப்பு பாயசத்தில் ஓடுவதுபோல் லேசாக ஓடும். மணிகள் உடைந்து கூழானதும் கை கனக்கத் தொடங்கும். தண்ணீர் குறையக் குறைய மொத்தமும் ஒரே திரளாகத் துடுப்போடு சுழலும், கொப்புளங்கள் பெரிதாக எழுந்து ‘ப்ளக்’கென்று சோம்பலாக உடையும். கடைசிக் கட்டத்தில் வெறும் மணிக்கட்டால் எதுவும் ஆகாது, இடுப்பை ஊன்றி உடம்பையே கொடுத்துத் தள்ள வேண்டும். போகிறவர்கள் ஒரு சுற்று கிண்டிப் பார்க்கிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தால் விலையைப் பற்றிப் பேச மனசு வராது.

பதம் வந்ததற்கு அடையாளம், பசை சட்டியின் ஓரத்தை விட்டு எண்ணெய் மினுமினுப்போடு விலகி வருவது. நம்மூர் அல்வாவில் நெய் பிரிந்து வந்தால் இறக்கு என்பார்களே, கணக்கு அதேதான், இங்கே நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய்.

சுருக்கமாக: மாவுக்குள் வெப்பம் தானாகப் பரவாததால் கிண்ட வேண்டியிருக்கிறது. தண்ணீரை ஆவியாக்க நிறைய வெப்பம் வேண்டும், அதை மெதுவாகத்தான் கொடுக்க முடியும் என்பதால் மணிக்கணக்காகிறது.

## அந்த நிறம்

கரும்பழுப்பு நிறத்தில் பாதிக்கு மேல் பழுப்புச் சர்க்கரையோடு வந்தது. மீதியைச் சர்க்கரை கருகிய நிறம் என்று சொல்வது சரியல்ல. சர்க்கரை தானாகக் கருகி நிறம் மாற 160 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் இருக்கும் பசை 100-ஐத் தாண்டிச் சற்றே மேலே போகும், அவ்வளவுதான். குறைந்த சூட்டிலேயே நீண்ட நேரம் நடப்பது வேறொன்று: தேங்காய்ப்பாலின் புரதமும் சில வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பாவது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயாரின் பெயரால் மயார் வினை என்கிறார்கள். பால்கோவாவின் நிறமும் வாசனையும் வருவது இதே வழியில்தான்.

## கெடாமல் இருப்பது எப்படி

கலமாயைத் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கிறது. ஈரம் இருந்தால் பூஞ்சை வர வேண்டாமா?

உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த அளவுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 1, தேனுக்கு ஏறத்தாழ 0.6. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.9-க்குக் கீழே வளராது. பூஞ்சைகள் கொஞ்சம் முரட்டு ஜாதி, அவற்றில் பல 0.8 வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

மணிக்கணக்கில் கிண்டியதில் ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். மிஞ்சியதைச் சர்க்கரை கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. மாவு வேகும்போது சர்க்கரை போட்டிக்கு நின்றதே, இப்போது அதே குணம் கிருமிகளைப் பட்டினி போடுகிறது. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. தனியாகப் பதப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

அதற்காக மாதக்கணக்கில் மேஜைமேல் வைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. சரியாக வற்றவிடாத சரக்கில் நீர்ச் செயல்பாடு அதிகமாக இருக்கும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். நன்றாக வற்றியதுகூட, திறந்து வைத்தால் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். முதலில் கெடுவது மேல்பரப்புதான்.

கொட்டாங்குச்சிக்கு ஏதோ பாதுகாக்கும் சக்தி இருப்பதாகச் சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. தென்னை விளையும் தீவில் காசில்லாமல் கிடைக்கும் உறுதியான, பயணத்தில் நசுங்காத பாத்திரம் அது. காகிதப் பட்டை இணைப்பை மூடித் தூசியையும் எறும்பையும் ஓரளவுக்குத் தடுக்கிறது. அந்த அளவில் அது கெட்டிக்காரத்தனம்தான், மருந்து அல்ல.

## தொதல் இதற்கு உறவா

கீழக்கரை, இலங்கைப் பக்கம் உள்ளவர்கள் இதுவரை படித்துவிட்டு “இது நம்ம தொதல்தானே” என்று கேட்டிருப்பார்கள். உறவுதான். மலாய், இந்தோனேசியப் பகுதியின் தோதோல் கடல்வழி வணிகத்தோடு இலங்கைக்கும் ராமநாதபுரம் கரைக்கும் வந்து தொதலானது. பிலிப்பைன்ஸிலேயே தெற்கே மிண்டனாவோவின் மரனாவ் முஸ்லிம்களிடம் தோதோல் என்ற பெயரிலேயே இருக்கிறது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், இனிப்பு, மணிக்கணக்கில் கிண்டல் என்று கலமாயின் செய்முறைதான் எல்லாவற்றுக்கும்.

ஆனால் தொதலைக் கத்தியால் துண்டு போட முடிகிறது, ஹாக்னா கலமாய்க்கு ஸ்பூன் வேண்டும். ஒன்று, தொதலை இன்னும் அதிகமாக வற்றவிடுகிறார்கள். இன்னொன்று, நம் பக்கத்துத் தொதலில் பெரும்பாலும் பச்சரிசி மாவு. பச்சரிசியில் அமைலோஸ் இருக்கிறது. ஆறியதும் அந்த நேர்த் தொடர்கள் வரிசையாகப் படுத்து இறுகிக்கொள்கின்றன, அதனால் வில்லை நிற்கிறது. மலாய்த் தோதோல் ஒட்டரிசியில் செய்வது, அது துண்டாக நிற்பதற்கு வற்றவிட்ட அளவே முக்கியக் காரணம்.

## வாங்கி வந்த பிறகு

வேகவைத்த மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் வரிசைப்பட்டு இறுகுவதை மீளிறுக்கம் என்கிறார்கள். காலையில் செய்த இடியாப்பம் ராத்திரிக்கு விறைத்துப் போவது இதனால்தான். அமைலோஸ் சில மணி நேரத்தில் இறுகிவிடும். அமைலோபெக்டினுக்குக் கிளைகள் தடை போடுவதால் நாள்கணக்கில் ஆகும், சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதம். கலமாய் வீடு வந்து சேரும்வரை மெத்தென்று இருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இதில் பிரிட்ஜ் ஒரு விசித்திரம். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது பிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்கும் குளிரில்தான் மீளிறுக்கம் வேகமாக நடக்கும். போதாக்குறைக்குத் தேங்காயெண்ணெயும் அங்கே உறைந்துவிடும். அதனால் சில நாளில் தின்று தீர்க்கிற அளவுதான் வாங்கினீர்கள் என்றால் வெளியிலேயே, மூடி, நிழலில் வையுங்கள். ஈரமில்லாத ஸ்பூனால் எடுங்கள். அதற்கு மேல் போகும் என்றால் பிரிட்ஜில் வைத்துத்தான் ஆக வேண்டும், கல்லாகிவிட்டதே என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆவியில் சிறிது நேரம் வைத்தால் இறுகிய அமைலோபெக்டின் தளர்ந்து, உறைந்த எண்ணெய் உருகிப் பழைய பதத்துக்கு வந்துவிடும். கொட்டாங்குச்சியிலேயே இட்லிச் சட்டியில் வைத்து எடுக்கலாம், சிவப்புக் காகிதத்தை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் அதன் சாயம் இறங்கும்.